பூ விழுந்த தேங்காய்

ஜெலுத்தோங் பசாரில், அந்த ஊர்ச் சந்தையில், தங்கராஜுவிடம் தேங்காய் வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். கிழவர் யாரையும் நம்பமாட்டார். ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அதுவும் கொடுத்தவர் முகத்துக்கு நேராகவே. போனில் காசு கட்டுகிற அட்டையை ஒட்ட வந்த பேங்க் பெண்ணிடம் பின்னாலிருந்த சாக்கடையைக் காட்டி, "அதுல ஒட்டும்மா, தண்ணி நல்லா ஓடுது" என்று சொல்லி அனுப்பியவர். டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டித்தான் விழுங்குவார். முழுசாக விழுங்கினால் வேறு நோயை வரவைத்து அதற்கும் மாத்திரை விற்பார்கள் என்பது அவருடைய கட்சி.

நம்பியது தேங்காயை மட்டும். விரல் முட்டியால் தட்டினால் அது உள்ளதைச் சொல்லிவிடும். நல்ல காய் கணீரென்று பேசும். கெட்டது மொத்தையாக, ஈர மண்ணில் கல் விழுந்த மாதிரி முனகும். ஆனால் அழுகல் என்ற சொல்லைக் கடையில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காய் கெட்டது என்று கண்டால் பலகையில் இரண்டு தட்டு. டொக், டொக். எதிரே நிற்கிற ஆள் பேசாமல் அந்தக் காயை வாங்கி மேசைக்கு அடியிலுள்ள கூடையில் போட்டுவிடவேண்டும். வாங்க வந்தவர் பாட்டுக்கு மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த பிறகு அந்த எதிர்ப்பக்கத்தில் நின்றவள் பேத்தி லோஷினி. துருவுகிற மெஷினில் விரல் படாமல் லாகவமாகத் துருவுவாள். சீனக் கிழவிகளிடம் அவர்கள் பாஷையில் சிரித்துச் சிரித்துப் பேசி ஒரு கிலோ கேட்டவர்களுக்கு இரண்டு கிலோ கட்டிவிடுவாள். ஒருமுறை பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வந்து வழிந்துகொண்டு நின்றபோது, தாத்தாவைப் பார்த்துப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தங்கராஜு வாய்விட்டுச் சிரித்ததைப் பசார்க்காரர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் சொன்னாள்.

"தாத்தா, நான் நேப்பாளத்துக்குப் போறேன். ஒரு வருஷம்."

"கோயிலுக்கா?"

"இல்லலா. மலையில ஒரு பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஸ் சொல்லித் தரணும். யூனிவர்சிட்டியில எடம் கெடச்சிருச்சு, அடுத்த வருஷம் சேர்றேன்னு எழுதிக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

"சம்பளம்?"

"வாலன்டியர்னா சம்பளம் கெடையாது தாத்தா."

"டிக்கெட்டு?"

"அது நாமதான் எடுக்கணும்."

தங்கராஜு மெஷினை நிறுத்தினார். கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது.

"நம்ம காசுல போயி, ஓசியில வேல பாத்துட்டு, நம்ம காசுல திரும்பி வரணும். எங்க தாத்தன் கூலியா கப்பல்ல வந்தானே, அவனுக்குக்கூட டிக்கெட்டு எவனோ எடுத்தான். நீ அவனவிட மோசமால்ல போற?"

"அந்தத் தாத்தா மாட்டிக்கிட்டாரு. நான் விரும்பிப் போறேன்."

"மாட்டுறவன் எல்லாம் விரும்பித்தான் போறான்" என்று சொல்லி மறுபடி மெஷினைப் போட்டார்.

*

அனுப்பி வைக்கிறவர் காமாரியா டீச்சர். லோஷினியின் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்குக் கொஞ்சம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த மாதிரி பள்ளிகளுக்கு அனுப்புகிறவர். ஒரு சனிக்கிழமை பிளாட்டுக்கு வந்தார். லிப்ட் கெட்டுப்போயிருந்ததால் மூச்சு வாங்க ஏறி வந்து, லோஷினியின் அம்மா சந்திரிகா போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிள்ளைக்கு இழுப்பு உண்டா? எந்த ஊசியெல்லாம் போட்டிருக்கிறது? ரத்தம் எந்த வகை? ஏதாவது ஆனால் யாருக்குப் போன் போடுவது? அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதமா? போலீசில் நன்னடத்தைக் கடிதம் வாங்க வேண்டும், இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவேண்டும். பள்ளியின் படம், தலைமையாசிரியரின் போன் நம்பர், போன வருஷம் போய் வந்த பிள்ளைகளின் நம்பர் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார்.

தங்கராஜு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டீச்சர் படியிறங்கின சத்தம் அடங்கியதும், "ரத்தம் எந்த வகன்னு கேட்டா பாத்தியா?" என்றார்.

"அது எல்லாரும் கேப்பாங்க அப்பா" என்றான் மகன் லோகேஸ்வரன். ஜுருவிலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். வீட்டில் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அவனுக்குச் சரி.

"எதுக்குடா கேப்பாங்க? கிட்னி எடுக்கத்தான் கேப்பாங்க. மடியில ஒண்ணும் இல்லாதவ எதுக்கு இத்தன கேள்வி கேக்குறா? ஒண்ண மறைக்கறவதான் ஒம்பது கேப்பா."

"மாமா, அவங்க நல்லவங்க" என்றாள் சந்திரிகா. பாயான் லெப்பாசில் ஒரு மின்னணு ஆலையில், கிலாங்கில், ஷிப்டு வேலை. இரவு வேலை முடித்து வந்த கண் சிவந்திருந்தது. "போன வருசம் நீங்க இதே மாதிரி பால் பாக்கெட்ல மருந்து கலக்குறான்னீங்க. அதுக்கு முந்தி ஃபெரி மாத்துனாங்க, அது முழுகிப்போகும்னீங்க. முழுகலயே?"

"இன்னும் நாளு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், லோஷினியும். அந்த வீட்டில் தங்கராஜுவின் சந்தேகம் மழைக்காலத்துத் தவளைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. கத்துவது கேட்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

சந்திரிகாவின் காதுக்குள் போகிற சத்தம் வேறு. பல்லி சொன்னால் நிற்பாள், பூனை போனால் திரும்புவாள். விளக்குத் திரி கருகினால் அன்றைக்குக் கிலாங்குக்கு லீவு சொல்லிவிடுவாள். கடல் தாண்டிப் போகிற யாரானாலும் பிளாட்டுக்குக் கீழே உள்ள முனீஸ்வரர் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அவள் கட்டின சட்டம். காயைத் தேர்ந்து கொண்டுவருவது மாமனார் வேலை. அதில் மட்டும் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது.

பயணத்துக்கு முதல் நாள், கடை எடுத்துவைக்கிற நேரத்தில், தங்கராஜு மேசைக்கு அடியில் குனிந்து கூடையைத் துழாவினார்.

கோயிலில் மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பூசாரி கற்பூரம் காட்டி, காயைச் சுற்றி, கல்லில் ஓங்கி அடித்தார். உள்ளேயிருந்து கருப்பாக ஒரு தண்ணீர் தெறித்து அவர் காலை நனைத்தது. நாற்றத்தில் பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இரண்டு மூடியும் சாம்பல் பூத்துக் கிடந்தன.

"ஐயோ" என்று சந்திரிகா நெஞ்சில் கைவைத்தாள். "வேணாம்லா. வேணவே வேணாம். கடல் தாண்டக் கூடாதுன்னு சாமி சொல்லிருச்சு."

"அம்மா, ஒரு தேங்கா கெட்டுப் போனதுக்கா? நாளைக்கு பிளைட்டும்மா!"

"இன்னொரு காய் ஒடச்சுப் பாக்கலாமே" என்று லோகேஸ்வரன் மெதுவாகச் சொன்னான்.

"சாமிகிட்ட மறுபடி கேக்கறதா? அது என்ன, மார்க்கு பத்தலன்னா திரும்ப எழுதற பரீட்சையா?"

லோகேஸ்வரனுக்கு அதுவும் சரியாகப் பட்டது.

லோஷினி அழவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே மழையில் நின்றுகொண்டு தாத்தாவையே பார்த்தாள். அவர் கல்லில் கிடந்த மூடிகளைப் பொறுக்கி எறிவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

கொஞ்ச நாள் அவள் கடைக்கு வரவில்லை. பிறகு ஒரு காலை வந்தாள். மெஷினைத் துடைக்கவில்லை, காயைத் தொடவில்லை. எதிர்ப்பக்கம் வந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்தபடி, வெறும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். டொக், டொக். திரும்பிப் போய்விட்டாள்.

*

அதற்குப் பிறகு வீட்டில் அவள் இருந்தாள், அவ்வளவுதான். கூப்பிட்டால் வந்தாள். சோற்றைப் பிசைந்து பாதியில் எழுந்தாள். அறையில் படுத்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அந்த இடத்துக்கு வேறு பிள்ளையை அனுப்பிவிட்டார். யூனிவர்சிட்டி அடுத்த வருஷம்தான். நடுவில் ஒரு வருஷம் வெறுமையாகக் கிடந்தது. செய்தது சரி என்றுதான் தங்கராஜு நினைத்தார். ஆனால் கடையில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமலே துருவினார்.

தைப்பூசம் வந்தது. நிபோங் திபாலிலிருந்து லோரி லோரியாகக் காய் இறங்கியது. ரதம் போகிற சாலையெல்லாம் மலை மலையாய்க் குவிக்க வேண்டும். தமிழர்களைவிடச் சீனர்கள் அதிகம் உடைப்பார்கள். தங்கராஜுவுக்கு முதுகு நிமிரவில்லை. அப்போது ஒருவன் லோரியில் தாவி ஏறி, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாக்கை இறக்க ஆரம்பித்தான்.

"யார்றா நீ?"

"தனேஷ், பெரியப்பா. சுப்பையா மவன்."

தங்கராஜு அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுப்பையாவும் அவரும் வாலிபத்தில் ஒரே லோரியில் காய் ஏற்றினவர்கள். ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பிரித்துத் தின்றவர்கள். சுப்பையாவின் அதே அகன்ற நெற்றி. மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தான். கையில் சாமிக்கயிறு. இறக்கி முடித்ததும் குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"அப்பா சாகறப்ப ஒங்களத்தான் கேட்டாரு பெரியப்பா."

அதைக் கேட்டதும் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை வெளிச்சத்தில் பிடிக்கிற மனுஷன், அந்தச் சொல்லை எங்கேயும் பிடித்துப் பார்க்கவில்லை.

தனேஷ் அந்த மூன்று நாளும் தண்ணீர்ப் பந்தலில் நின்றான். மோர் ஊற்றினான், காவடி எடுத்தவர்களுக்குத் துண்டால் விசிறினான், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாயைத் தேடினான். ஆள் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்தலில் காய்ந்த தயிர்சாதத்தைத் தின்றுகொண்டே தங்கராஜு பேத்தி கதையைச் சொன்னார். தேங்காய் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"ஏன் பெரியப்பா, மலாய்க்கார டீச்சருகிட்டலாம் போறீங்க? நம்ம ஆளுங்களே செய்யறாங்களே. தாய்லாந்துல, வடக்குப் பக்கம், எல்ல ஓரமா. அனாதப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். சாப்பாடு, தங்குற எடம், போற செலவு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நானே ரெண்டு மூணு பிள்ளைங்கள அனுப்பியிருக்கேன்."

"டிக்கெட்டு?"

"அவங்கதான். நீங்க ஒரு காசு எடுக்க வேணாம்."

தங்கராஜுவுக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்த தனேஷ் லோஷினியிடம் கேட்டது இரண்டே விஷயம்தான். "தங்கச்சி, சீனம் நல்லாப் பேசுவியா? எழுதவும் வருமா? டைப்பு வேகமா அடிப்பியா?"

"அடிப்பேன் அண்ணே. எதுக்கு? பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரதானே?"

"அங்க ஆபீஸ் வேலையும் இருக்கும்லா. கம்பியூட்டர்ல."

ரத்தம் எந்த வகை என்று கேட்கவில்லை. இழுப்பு உண்டா, ஊசி போட்டிருக்கிறதா, யாருக்குப் போன் போடுவது, ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தியா, மனுசன்னா இப்படி இருக்கணும்" என்றார் தங்கராஜு.

சந்திரிகா மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். "கடல் தாண்டக் கூடாதுன்னு சாமி சொல்லிருக்கே, தம்பி."

"அக்கா, கடலே இல்லையே. தாய்லாந்து ஹட்யாய்க்கு வேன்ல போறோம். பாலம் ஏறுனா நேரா ரோடுதான். ஹட்யாயில ஆள் வந்து கூட்டிக்குவாங்க."

சந்திரிகா யோசித்தாள். தீவையும் கரையையும் சேர்க்கிற அந்தப் பாலத்துக்குக் கீழே இருப்பது கடல்தான். ஆனால் அதன்மேல் புருஷனும் அக்கம்பக்கத்தாரும் தினம் வேலைக்குப் போய் வருகிறார்கள், அது கணக்கில் வராது. "ரோடுதானே" என்றாள், தனக்குத்தானே.

*

வீடு மறுபடி கலகலத்தது. சந்திரிகா மிளகாய்த்தூள் அரைத்தாள், நெத்திலி சம்பல் கிண்டி பாட்டிலில் அடைத்தாள். லோகேஸ்வரன் குளிருக்குச் சட்டை வாங்கி வந்தான். லோஷினி ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கதைப்புத்தகம், கலர் பென்சில், பலூன், கையில் மாட்டி ஆட்டுகிற துணிப்பொம்மை என்று சேர்த்தாள். ஒரு பொம்மையைத் தாத்தாவின் கையில் மாட்டிவிட்டு, "கிட்னி குடு, கிட்னி குடு" என்று அதைப் பேசவைத்தாள். மறுபடி கடைக்கும் வந்தாள். கூடையிலிருந்து எடுத்த காய் அவர்கள் நடுவில் பேசப்படாமலே கிடந்தது.

ஒரு நாள் காமாரியா டீச்சர் கடைக்கு வந்தார். லோஷினி சில்லறை மாற்றப் போயிருந்தாள்.

"அங்கிள், அவ தாய்லாந்துக்குப் போறாளாமே. பள்ளிக்கூடம் பேர் என்ன?"

"தெரியாது. எவ்ளோ துருவணும்?"

"விலாசம்? அங்க இருக்கிற யாரோட நம்பராவது வாங்குனீங்களா? அங்கிள், என்மேல கோவம் இருக்கலாம். ஆனா கேளுங்க. கேட்டா நல்லவங்க சொல்லுவாங்க. இப்ப என்னென்னமோ கேள்விப்படுறோம், பிள்ளைங்கள எல்லைக்குக் கூட்டிட்டுப் போயி, பூட்டிவச்சு, கம்பியூட்டர்ல ஊர ஏமாத்துற வேல..."

"தேங்கா வாங்கறதுன்னா வாங்குங்க" என்றார் தங்கராஜு. "அவன் எங்க சுப்பையா மவன். ஒங்ககிட்ட போகாதது ஒங்களுக்கு வயிறு எரியுது."

டீச்சர் தேங்காய்ப் பாலை வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டதையெல்லாம் தானே கேட்டிருக்க வேண்டியவர் என்பது தங்கராஜுவுக்கு ஒரு நொடி உறைத்தது. மறுநொடி, கேட்டால் சுப்பையா மகன் மனம் நோகும் என்று தோன்றியது. ஒருத்தர் மனம் நோகும் என்று அவர் நினைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இந்தத் தடவை காயைத் தேர்ந்தெடுக்க அவர் ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டார். குவியல் குவியலாகத் தட்டினார். முற்றின காய், தண்ணீர் ஆட்டம் குறைந்தது, கண் லேசாகப் பிதுங்கினது. அந்த மாதிரி ஒன்று கிடைத்ததும் துண்டில் சுற்றித் தனியாக வைத்தார்.

முனீஸ்வரர் கோயில் கல்லில் அது பளீரென்று இரண்டாகப் பிளந்தது. பருப்பு பால் வெள்ளை. நடுவில் மஞ்சளாக, எலுமிச்சம்பழம்போல உருண்டு, ஒரு பூ.

"பூ விழுந்திருக்கு!" என்று பூசாரியே கூவினார். சந்திரிகா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "மாமா, பூ மாமா!" பக்கத்து பிளாட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூவைக் கிள்ளி எல்லோருக்கும் கொடுத்தார்கள். லோஷினி தன் பங்கை வாயில் போட்டு மென்றுகொண்டே தாத்தாவின் தோளில் சாய்ந்தாள்.

"தேடி எடுத்தீங்களா தாத்தா?"

"ம்."

"சரி. போன காயோட கணக்குத் தீந்துருச்சு."

மறுநாள் விடிந்ததும் வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே இரண்டு பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எந்த ஊர்ப் பிள்ளைகளோ. தனேஷ் முன்சீட்டில் இருந்தான். இன்றைக்குக் கையில் சாமிக்கயிறு இல்லை.

"பாஸ்போட்ட குடு தங்கச்சி, எல்லாத்தையும் நானே வச்சுக்கறேன். செக்கிங்ல சுலபம்." வாங்கி, தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தான்.

லோகேஸ்வரன் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தான்.

"இது என்னாண்ணே?"

"பிள்ளைங்களுக்கு. புத்தகம், கலர் பென்சிலு."

தனேஷ் பெட்டியைப் பார்த்தான். ஏதோ தெரியாத பாஷையில் எழுதியிருந்ததைப் படிக்கிறவன்போலப் பார்த்தான். "எடம் இல்லண்ணே. இருக்கட்டும், பொறவு நானே அனுப்பிவிடுறேன்."

வேனின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. தங்கராஜு அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். லோஷினி ஜன்னலில் கையாட்டிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.

வேன் முனை திரும்பியது. பெட்டி நடைபாதையில் கிடந்தது. லிப்ட் கெட்டுப்போயிருந்ததால் அவரும் மகனும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள்.

*

முதலில் ஹட்யாயிலிருந்து படம் வந்தது, மாம்பழச் சோற்றோடு. அடுத்து ஓர் ஆற்றின் படம். அதற்குக் கீழே, "இங்க லைன் சரியில்லம்மா." பிறகு ஒன்றுமில்லை. சந்திரிகா ஒவ்வொரு ஷிப்டு முடிந்ததும் போனைத் திறந்து பார்த்தாள். "மலைப்பக்கம், லைன் இருக்காது" என்று லோகேஸ்வரன் சொன்னான். யார் அவனுக்கு அதைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தங்கராஜு துருவும்போது ஒருமுறை விரலை வெட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் இப்போது ஆளில்லை. கெட்ட காய் வந்தால் அவரே தட்டி, அவரே குனிந்து போட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே மழை கட்டியிருந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்த சந்திரிகா அலறினாள். "வந்துட்டா! மாமா, வாங்க, லோஷி!"

சின்னத் திரையில் முகம் தெரிந்தது. பின்னால் வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லை. முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். எங்கேயோ விசிறி ஓடுகிற சத்தமும், நிறையப் பேர் ஒரேசமயத்தில் டைப் அடிக்கிற சத்தமும்.

"எப்படி இருக்கே கண்ணு? எளச்சுட்டியே!"

"நல்லா இருக்கேன்மா. வேல ஜாஸ்தி."

"பிள்ளைங்க எங்க? காட்டு, பாப்போம்."

லோஷினியின் கண் போனுக்கு மேலே எங்கோ போய்விட்டு வந்தது. "லீவும்மா. எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சுங்க."

"அனாதப் பிள்ளைங்கன்னாங்க?" என்றான் லோகேஸ்வரன், சும்மா.

அவள் கண் மறுபடி மேலே போனது. "ரொம்ப நேரம் பேச முடியாது. நான் சந்தோசமா இருக்கேன். இங்க எல்லாரும் நல்லவங்க. என்கூடப் படிச்ச பிள்ளைங்க யாராச்சும் வர்றேன்னா சொல்லச் சொன்னாங்க."

"சோறு திங்கிறியா?" என்று தங்கராஜு போனுக்குள் குனிந்தார்.

"திங்கிறேன் தாத்தா."

சிரித்தாள். சிரிப்பு மாறவில்லை. அவள் கை மட்டும் மேசைக்கு மேலே வந்தது. மணிக்கட்டில் கறுத்துக் கன்றியிருந்தது, கண் சரியில்லாத கிழவருக்கே தெரிந்தது. விரலை மடக்கி, முட்டியால், அவரையே பார்த்தபடி, தட்டினாள்.

டொக், டொக்.

திரை கறுத்தது.

"நல்லா இருக்கா" என்று சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூ விழுந்துச்சே, எப்படிக் கெட்டுப்போகும்?" அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

தங்கராஜு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "லோகேசு, அவ தட்டுனாடா."

"என்னா தட்டுனா?"

"ரெண்டு தட்டு. கடையில தட்டுற மாரி. கெட்டுப்போனத எடுத்து வெளிய போடுன்னு அர்த்தம். அது பள்ளிக்கூடம் இல்லடா. ஏதோ நடக்குது அங்க."

லோகேஸ்வரன் கையிலிருந்த தட்டை வைத்தான். "அப்பா, மறுபடி ஆரம்பிக்காதீங்க. டீச்சரச் சந்தேகப்பட்டீங்க. இப்ப இவனா? இவன நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

தங்கராஜு தனேஷின் நம்பரைப் போடச் சொன்னார். அந்த நம்பர் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண்குரல் மலாயில் சொன்னது. லோகேஸ்வரன் இன்னொருமுறை போட்டான். அதே குரல். அப்போதுதான் மகனின் முகம் வெளிறிப்போவதை அவர் பார்த்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டார். படியில் இறங்கினார். முனீஸ்வரர் கல்லைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

போலீஸ் ஸ்டேஷனில் இளவயசுக்காரன் ஒருவன் இருந்தான், சட்டையில் இக்மல் என்று பேர். நாற்காலி போட்டுக் கொடுத்தான், முகம் துடைக்கக் காகிதம் கொடுத்தான். தங்கராஜு தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பேர் கேட்டான், தெரியவில்லை. விலாசம் கேட்டான், தெரியவில்லை. கூட்டிப்போனவன் வீடு கேட்டான். சுப்பையா மகன் என்றார்.

"பேத்தி விரும்பிப் போனாங்களா?"

"விரும்பித்தான்."

"இன்னிக்குப் பேசுனாங்க. நல்லா இருக்கேன்னு சொன்னாங்க. இல்லையா?"

"சொன்னா."

"அப்புறம் எதை வச்சு ஆபத்துன்னு சொல்றீங்க, அங்கிள்? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

தங்கராஜு நனைந்த கையை மேசைமேல் வைத்தார். விரலை மடக்கினார். முட்டியால் தட்டினார்.

டொக், டொக்.

"கேட்டுட்டுதான் இருக்கேன், அங்கிள்" என்றான் இக்மல், மரியாதையாக. "தட்ட வேணாம். சொல்லுங்க."

கிழவர் மறுபடியும் தட்டினார்.